இரகசியம் எனும் வதீஆ: ஆலோசனை நாடி வருவோரின் அந்தரங்கம் காத்தல்

அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நபிமொழித் தொகுப்பில் பதிவு செய்துள்ளார். தோழர்களுடன் விளையாடிக்கொண்டிருந்த அனஸை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பணிக்காக அனுப்பினார்கள். அதனால் வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு சுலைம் (ரலி) காரணம் கேட்டார். நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் மகன். என்ன வேலை என்று தாய் வினவ, அது இரகசியம் என்று பதில் வந்தது. தாய் சினம் கொள்ளவில்லை; மேலும் துருவவுமில்லை. நபியவர்களின் இரகசியத்தை எவரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று மகனை உறுதிப்படுத்தினார். பல்லாண்டுகளுக்குப் பின்னர்த் தம் மாணவர் ஸாபித்திடம் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தபோதும், அந்தப் பணி இன்னதென்று அனஸ் (ரலி) வெளியிடவில்லை.

இதனைப் படிக்கும்போது சிறுவரின் உறுதியையே நாம் வழக்கமாகப் போற்றுகிறோம். தாயாரின் பண்பும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஓர் இரகசியம் காக்கப்பட இருவர் தேவை: சொல்லாதிருப்பவர் ஒருவர், கேட்காதிருப்பவர் மற்றொருவர். இவ்விருவகைப் பண்பும் இன்று நம் சமுதாயத்தில் மிகுதியாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது ஆலோசனை அறை.

மனச்சோர்வு, மணவாழ்வில் விரிசல், குழந்தையின்மை, கடன், போதைப் பழக்கம், பிள்ளைகளின் நடத்தை என்று பல்வேறு துயரங்களோடு மக்கள் ஆலோசகரை நாடுகின்றனர். பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரிடம் செல்வோர் உளர். பள்ளிவாசல் இமாமிடமும் ஜமாஅத் அலுவலகத்திலும் மனந்திறப்போர் அவர்களினும் பலர். எவரிடம் சென்றாலும் வாயிலிலேயே அவர்களைத் தடுத்து நிறுத்தும் அச்சம் ஒன்றுதான்: இது வெளியே போய்விடுமோ? மஹல்லா என்பது ஒருவரையொருவர் அறிந்த மக்களின் சிற்றுலகம். அங்கே கசியும் ஒரு சொல் ஒரு பெண்ணின் மறுமணத்தைத் தடுக்கலாம்; ஓர் இளைஞனின் பிழைப்பைக் கெடுக்கலாம். அதற்கஞ்சி அடியையும் அவமானத்தையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்வோர் உண்டு. ஆகவே அந்தரங்கம் காத்தல் என்பது ஆலோசனைப் பணிக்குச் சூட்டப்படும் அணிகலன் அன்று. அப்பணியின் அடித்தளமே அதுதான்.

மார்க்கம் வகுத்த எல்லை

பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழைவதைத் திருமறையின் 24ஆம் அத்தியாயம் தடுக்கிறது. குடும்பத்துக்குள்ளேயே பணியாட்களும் சிறுவர்களும் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று வேளைகளையும் அதே அத்தியாயம் குறிப்பிடுகிறது. துருவி ஆராய்தலையும் புறம்பேசுதலையும் 49ஆம் அத்தியாயம் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து விலக்குகிறது. இந்த அடைவு சிந்திக்கத்தக்கது. பிறர் குறையைத் தேடி அறிதல் முதற்படி. அறிந்ததைப் பரப்புதல் அடுத்த படி. முதற்படியிலேயே திருமறை கதவை அடைத்துவிடுகிறது.

ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராக அமர்த்தப்பட்டவர் எனும் கருத்தில் அமைந்த நபிமொழியை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். அவ்விரு நூல்களிலும் இன்னொரு நபிமொழியும் உண்டு. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால் அச்செய்தி அமானிதமாகிவிடும் என்பது அதன் பொருள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் வாய்திறந்து கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதுமானது. ஆலோசனை அறைக்குள் வருபவர் கதவைச் சாத்திவிட்டு அமர்கிறார். குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். திரும்பிப் பார்த்தல் அமானிதத்தின் அடையாளம் என்றால், சாத்திய கதவு அதனினும் தெளிவான அடையாளமன்றோ?

66ஆம் அத்தியாயம் நபியவர்களின் இல்லத்திலேயே ஓர் இரகசியம் வெளிப்பட்ட நிகழ்வைப் பேசுகிறது. தம் துணைவியருள் ஒருவரிடம் நபியவர்கள் இரகசியமாகக் கூறியதை அவர் மற்றவரிடம் தெரிவித்துவிட்டார். அல்லாஹ் அதனை நபியவர்களுக்கு அறிவித்தான். அவர்கள் அது குறித்துக் கேட்டபோது ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சொல்லி மறு பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கசிந்துவிட்ட செய்தியைக்கூட முழுவதுமாக மீட்டுச் சொல்லாத இந்தப் பெருந்தன்மை ஆலோசகருக்கு உயர்ந்த பாடம். ஊருக்கே தெரிந்துவிட்டதே, இனி நான் மறைத்து என்ன பயன் என்று அவர் வாதிட இயலாது.

பொருள் அமானிதமும் சொல் அமானிதமும்

அமானிதம் எனும் சொல்லை நாம் அடிக்கடி கேட்பதாலேயே அதன் சட்டக் கூர்மை மழுங்கிவிட்டது. அதனை மீட்க ஃபிக்ஹ் நூல்களின் வதீஆ பாடத்தை அணுகுவது பயன் தரும். ஒருவர் தம் பொருளைப் பாதுகாப்புக்காக மற்றவரிடம் ஒப்படைப்பதே வதீஆ. இரகசியத்தை இச்சொல்லால் குறிப்பது புதிதன்று. கி.பி. 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) தம் 'அதபுத் துன்யா வத்தீன்' எனும் நூலில் இரகசியம் காத்தலைத் தனியே ஆராய்கிறார். செல்வத்தில் நாணயமானவர் அனைவரும் இரகசியத்திலும் நாணயமானவராக இருப்பதில்லை என்பது அவர் தரும் எச்சரிக்கை. பணத்தைச் சிறிதும் விட்டுக்கொடுக்காத மனிதர் நாத் தவறித் தம் சொந்த இரகசியத்தையே கொட்டிவிடுவதுண்டு என்று அதற்குக் காரணமும் காட்டுகிறார். தன்னிடம் இரகசியத்தை ஒப்படைக்குமாறு தானே ஆவலுடன் கேட்டு வருபவனை நம்பலாகாது என்றும் அவர் அறிவுறுத்துகிறார்.

வதீஆவின் சட்டங்களை ஒவ்வொன்றாக ஆலோசனைப் பணியோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

முதலாவது, பொருளின் உரிமை ஒப்படைத்தவருக்கே உரியது. காப்பவர் அதனைத் தம் தேவைக்குப் பயன்படுத்தினால் வரம்பு மீறியவராகிறார். அவ்வாறே ஆலோசனை நாடி வந்தவரின் கதை அவருடையது. அதனைத் தம் திறமைக்கு விளம்பரமாகவோ, சொற்பொழிவுக்குச் சுவையாகவோ, நண்பர்களிடையே பேச்சுப் பொருளாகவோ ஆலோசகர் பயன்படுத்துவது ஒப்படைக்கப்பட்ட நகையை எடுத்து அணிந்து செல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளும் அதற்குத் தகுந்த காப்பிடத்தில் வைக்கப்பட வேண்டும். ஃபிக்ஹ் இதனை 'ஹிர்ஸ்' என்கிறது. தங்கத்தைத் தொழுவத்தில் வைத்துத் தொலைத்துவிட்டு, திருடன் எடுத்தான், நானா எடுத்தேன் என்று தப்பிக்க முடியாது. ஆலோசனைக் குறிப்பேட்டுக்குரிய ஹிர்ஸ் பூட்டிய பெட்டி. கணினிக் கோப்புக்குரிய ஹிர்ஸ் கடவுச்சொல். வீட்டார் அனைவரும் எடுத்துப் பார்க்கும் கைப்பேசி எவருடைய இரகசியத்துக்கும் ஹிர்ஸ் ஆகாது. ஜமாஅத் அலுவலக மேசைமீது விரிந்து கிடக்கும் பஞ்சாயத்துப் பதிவேடும் அத்தகையதே. காத்திருப்போர் காதில் விழுமாறு பேசும் அறையையும் இதில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பொருளை உரியவரின் இசைவின்றி இன்னொருவரிடம் ஒப்படைக்கலாமா? இங்கே மத்ஹபுகளிடையே சுவையானதொரு வேறுபாடு உண்டு. காப்பவர் தம் பராமரிப்பில் உள்ள குடும்பத்தார் வழியாகவும் அதனைக் காக்கலாம் என்பது ஹனஃபீ மத்ஹப். தக்க காரணமும் இசைவுமின்றி மனைவி மக்களிடம் ஒப்படைத்தாலும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். பொருளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரகசியத்தின் இயல்பு வேறு. பெட்டியை மனைவி காத்தால் அதிலுள்ள பொருள் குறைவதில்லை. இரகசியத்தை மனைவி கேட்ட மாத்திரத்திலேயே அது குறைந்துவிடுகிறது. ஆதலால் இரகசியத்தில் ஷாஃபிஈ மத்ஹபின் கண்டிப்பே பொருத்தமுடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆலோசகர் மூத்த வல்லுநர் ஒருவரிடம் கலந்தாய்வு செய்ய நேர்ந்தால், வந்தவரின் இசைவைப் பெற வேண்டும். அல்லது பெயர், ஊர், தொழில் முதலிய அடையாளங்களை நீக்கிப் பேச வேண்டும்.

நான்காவது, காப்பவர் மரணத் தறுவாயை அடைந்தால் பொருளை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். இயலாவிடில் அது குறித்து வஸிய்யத் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாது விட்டால் ஈடு செய்யும் பொறுப்பு நேரும் என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. ஆலோசகர் மறைந்தாலோ பணி மாறினாலோ அவரிடமுள்ள குறிப்புகள் என்னவாகும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? தேவை முடிந்த குறிப்புகளை எப்போது அழிப்பது, எஞ்சியவற்றை எவர் பொறுப்பில் விடுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது மார்க்கக் கடமையின் பாற்பட்டது.

புறம்பேசுதல் எங்கே தொடங்குகிறது?

ஆலோசனை கேட்க வந்த பெண் தன் கணவரின் குறைகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது புறம்பேசுதல் ஆகாதா என்று சிலர் தயங்குகின்றனர். சிலர் அந்தப் பெண்ணையே வாயடைத்துவிடுகின்றனர். இது தவறு. தம் கணவர் அபூசுஃப்யான் குடும்பச் செலவுக்குப் போதியதைத் தருவதில்லை என்று ஹிந்த் பின்த் உத்பா (ரலி) நபியவர்களிடம் முறையிட்டார். நபியவர்கள் அதனைத் தடுக்கவில்லை, தீர்வு கூறினார்கள். அநீதிக்கு முறையிடுதல், தீர்ப்புக் கேட்டல் உள்ளிட்ட ஆறு தேவைகளுக்காகப் பிறர் குறையைப் பேச அனுமதி உண்டு என்று இமாம் நவவீ (ரஹ்) 'ரியாளுஸ் ஸாலிஹீ'னில் வகைப்படுத்துகிறார்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த அனுமதி தேவையை ஒட்டியது. அறைக்குள் அவள் சொன்னது முறையீடு. அதையே ஆலோசகர் வெளியே வந்து சொன்னால் அது புறம்பேசுதல். சொற்கள் மாறவில்லை, தேவை அகன்றுவிட்டது. அவளுக்கிருந்த அனுமதி அவருக்கு மாறிச் செல்வதில்லை.

பெயர் சொல்லாமல் சொன்னால் குற்றமில்லை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. பெயர் குறிப்பிடாமல் பொதுவாகக் கண்டிப்பது நபியவர்களின் வழிமுறைதான். ஆயினும் கேட்பவர் ஆளைப் புரிந்துகொள்வாரெனில், குறிப்பால் உணர்த்துவதும் புறம்பேசுதலே என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) விளக்குகிறார். நம் தெருவில் ஒரு சகோதரி, கணவர் வெளிநாட்டில், இரண்டு பிள்ளைகள் என்று பயான் தொடங்கினால், பெயர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை; அமர்ந்திருப்போர் தாமே கண்டுபிடித்துக்கொள்வர். இன்று அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகி வாட்ஸ்அப் குழுக்களில் கடல் கடந்தும் செல்கிறது. பெயரை மறைத்தால் போதாது. ஆளையே மறைக்க வேண்டும்.

மௌனத்தின் எல்லை

அமானிதம் என்பதற்காக எல்லாவற்றையும் எப்போதும் மறைத்துவிட முடியுமா? முடியாது. சபைகளில் பேசப்படுபவை அமானிதம் என்று கூறும் அபூதாவூத் நபிமொழி மூன்றை விலக்குகிறது: அநியாயமாக இரத்தம் சிந்துதல், கற்பைச் சூறையாடுதல், உரிமையின்றிப் பொருளைப் பறித்தல். இவற்றுக்கான சதிக்கு மௌனம் திரையாகக் கூடாது.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993ஆம் ஆண்டு புருணையில் கூடிய தன் எட்டாவது அமர்வில் மருத்துவத் தொழிலின் இரகசியம் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளப்பட்டவை மட்டுமன்றி, வழக்கத்தில் மறைக்கத்தக்கவை என்று கருதப்படுபவையும் இரகசியமே என்பது அதன் நிலைப்பாடு. தம் தொழிலின் காரணமாகவே இரகசியங்களை அறிய நேர்பவர் மீது இக்கடமை மேலும் அழுத்தமானது என்றும் அது கூறுகிறது. மறைப்பதால் விளையும் தீங்கு வெளியிடுவதால் விளையும் தீங்கைவிடப் பெரிதாக இருக்கும்போது மட்டுமே விதிவிலக்கு. பெருந்தீங்கைத் தவிர்க்கச் சிறுதீங்கை ஏற்றல் எனும் ஃபிக்ஹ் விதியின் வழிப்பட்ட முடிவு இது.

இந்த நிறுவையின் கடினத்தை நம் நாட்டு வழக்கு ஒன்று நன்கு காட்டுகிறது. மணம் நிச்சயிக்கப்பட்டிருந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது ஒரு மருத்துவமனையில் தெரியவந்தது. அச்செய்தி வெளிப்பட்டுத் திருமணம் நின்றது. செய்தி அத்தோடு நிற்கவில்லை; அவருடைய சமூகத்தாருக்கும் பரவி, அவர் ஒதுக்கப்பட்டு, தம் ஊரை விட்டே சென்னைக்குச் செல்ல நேர்ந்தது. இரகசியத்தை வெளியிட்டதாக அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. மணப்பெண்ணின் உடல்நலத்துக்கும் உயிருக்கும் ஆபத்து இருந்ததால் அவள் அறிவது நியாயமே. மருத்துவமனை மீது குற்றமில்லை என்பது தீர்ப்பு.

மணப்பெண் அறிவது நியாயம்தான். ஊரார் அறிந்தது எந்த நியாயத்தில்? அவ்வினாவுக்குப் பொருந்தும் விடை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் உள்ளது. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிக்கும் அதிகாரம் சிகிச்சை அளிப்போருள் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே. அதற்கும் நிபந்தனைகள் பல. துணைக்குக் கணிசமான ஆபத்து இருப்பதாக அவர் நியாயமாக நம்ப வேண்டும். தொற்றுள்ளவரைத் தாமே தெரிவிக்குமாறு முதலில் ஆற்றுப்படுத்த வேண்டும். அவர் தெரிவிக்கமாட்டார் என்பது உறுதியாக வேண்டும். தாம் தெரிவிக்கப் போவதை அவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். அதன்பின் துணையிடம் நேரில், உரிய ஆலோசனையோடு கூற வேண்டும். வெளியிட்டால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற அச்சம், குறிப்பாகப் பெண்களின் நிலையில், இருக்குமாயின் தெரிவிக்கலாகாது.

நிர்ப்பந்தம் அதன் அளவுக்கே அளக்கப்படும் என்பது நம் சட்டக்கலையின் புகழ்பெற்ற விதி. மேற்கண்ட நிபந்தனைகளில் அவ்விதியின் சாயலைக் காணலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவிலும் அதே அளவுகோல் உண்டு. மனநோய் உடையவரின் தகவல் இரகசியமாக இருக்க வேண்டும் என்று கூறும் அப்பிரிவு, பிறருக்கு நேரும் தீங்கைத் தடுக்க வெளியிடும்போது அத்தீங்கைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே வெளியிட வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆக, வெளியிடலாமா என்பது பாதிக் கேள்விதான். எவரிடம், எவ்வளவு, எவ்விதம் என்பது மறுபாதி. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் அவரைக் காக்கக்கூடிய நெருங்கிய உறவினருக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். அந்நிலைக்கு அவரைத் தள்ளிய குடும்பக் கதையை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

ஓரிடத்தில் மட்டும் தயக்கத்துக்கே இடமில்லை. குழந்தைகள்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. குறையை மறைத்தல் நன்மை எனும் நபிமொழியைக் காட்டி இதனை மூடிமறைப்பது பெரும் பிழை. தீங்கிழைப்பதில் அறியப்படாத ஒருவரின் நடந்து முடிந்த தவறே மறைக்கத்தக்கது; தீங்கிழைப்போருக்கும் தொடரும் தீமைக்கும் அது பொருந்தாது என்று இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் பிரித்துக் காட்டியுள்ளார். குழந்தையின் மானம் காக்க வேண்டிய திரையைக் குற்றவாளிக்குப் போர்த்துவது அமானிதம் அன்று.

சம்பந்தம் விசாரிப்போர்

நம் சமுதாயத்தில் ஆலோசகருக்கு நேரும் அன்றாடச் சோதனை வேறொன்று. பெண் வீட்டார் வந்து, அந்தப் பையன் உங்களிடம் வந்து போனானாமே, ஏதும் பிரச்சினையா என்று கேட்பர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவர் குறித்து யோசனை கேட்டபோது நபியவர்கள் அவ்விருவரின் குறையையும் எடுத்துரைத்தார்கள் என்பது இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். ஆதாரம் சரியானதே. ஆனால் ஒருவரின் வறுமையும் மற்றவரின் கடுமையுமே அங்கே பேசப்பட்டன; அவர்கள் இரகசியமாக ஒப்படைத்த செய்திகள் அல்ல அவை. இது பொருத்தமில்லை என்ற ஒரு சொல் போதுமெனில் குறையை விரிக்கலாகாது என்றும் அறிஞர்கள் வரம்பு கட்டியுள்ளனர்.

ஆலோசகரின் நிலையில் அந்த ஒரு சொல்லே பல இரகசியங்களை உடைத்துவிடும். நல்ல பையனுக்கு நற்சான்று கொடுத்து, மற்றவனிடத்தில் மௌனம் சாதித்தால் அந்த மௌனமும் வாய் திறந்து பேசும். எனவே என்னிடம் யார் வந்தார், யார் வரவில்லை என்பதையே நான் சொல்வதில்லை என்ற ஒரே விடையை எல்லோருக்கும் எப்போதும் சொல்லிப் பழக வேண்டும். ஊருக்கு அது பழகிவிட்டால் கேள்விகளும் நின்றுவிடும். மேலே கண்டதைப் போல் உயிருக்கோ உடலுக்கோ உண்மையான ஆபத்து இருக்கும் நிலை மட்டுமே இதற்கு விலக்கு. அப்போதும் முதலில் உரியவரையே சொல்லச் செய்ய வேண்டும்.

மஹல்லாக்கள் செய்யத் தக்கவை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள தகவல்களே அச்சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. காகிதப் பதிவேடும் நாவும் அதன் எல்லைக்கு வெளியே உள்ளன. சட்டம் எட்டாத அவ்விடங்களுக்குத் தக்வாவே காவல்.

ஜமாஅத்தில் குடும்ப ஆலோசனை நடத்துவோர் சிலவற்றை நடைமுறையாக்கலாம். அறைக்குள் இருக்க வேண்டியவர் எவர் என்பதை முடிவு செய்து மற்றவரை வெளியேற்றல் முதன்மையானது. கணவன் மனைவி பிணக்குக்கு இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரையே 4ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. நிர்வாகக் குழு முழுவதும் அமர்ந்து கேட்க வேண்டுமென்று அது கூறவில்லை. தொடக்கத்திலேயே, எவை காக்கப்படும், எந்நிலையில் மட்டும் வெளியிட நேரும் என்பதை வந்தவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் அறிந்து இசைகிறார். தம்பதியரைத் தனித்தனியே சந்தித்தால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் இசைவின்றிக் கடத்தலாகாது. பொதுப் பதிவேட்டில் வந்த நாளும் எட்டிய உடன்பாடும் இருந்தால் போதும். படுக்கையறைச் செய்திகளை எழுதி வைக்கத் தேவையில்லை. தீர்வுக் கடிதத்தைப் படமெடுத்துக் குழுக்களில் பகிர்வதை அறவே தடை செய்ய வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒரு பூட்டு, ஒரு மூடிய கதவு, கட்டுப்பட்ட ஒரு நா ஆகியவையே தேவை. மற்றவர்களின் பங்கும் எளியதே. ஆலோசனை அறையிலிருந்து கண்களைத் துடைத்தபடி வெளிவரும் சகோதரியைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்காதிருத்தல். ஆலோசகரின் வீட்டார் அவரிடம் இன்று யார் வந்தார் என்று விசாரியாதிருத்தல். உம்மு சுலைம் (ரலி) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உதவி இதுவே. தன் குறையை அல்லாஹ் மறைக்க வேண்டும் என்று விரும்பாதவர் நம்மில் எவரும் இலர். பிறர் நம்மை நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் தகுதியை அவன் நமக்கு அருள்வானாக.